பத்து நிமிஷம் வண்டி நிக்கும்!

வாரத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு அந்த போன் வந்துவிடும். பேசுகிற ஆள்தான் மாறுவார். கேள்வி மாறாது.

“சார், ஃபேமிலியோட திருச்சி போயிட்டிருக்கோம். இப்பதான் மேல்மருவத்தூர் தாண்டினோம். உங்க ஊர்ப் பக்கம் எங்க நல்லா சாப்பிடலாம்?”

என் வீடு விழுப்புரத்தில். அங்கே இடம் கிடைக்காமல் பி.காம். படித்தது திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். மூணு வருஷம் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தவன் என்பதால், இந்த ரோட்டில் எந்தக் கடையில் வடை வெந்திருக்கும், எந்தக் கடையில் வேகாது என்று எனக்குத் தெரியும் என்பது நண்பர்களின் நம்பிக்கை. நானும் கெடுப்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் கணக்கு வேலை பார்க்கிற என் கல்லூரி நண்பன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கும் இதே தொல்லைதானாம். “பனிச்சறுக்கு பாக்க வந்திருக்கோம், எங்க சாப்பிடலாம்?” என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். கிரிண்டல்வால்ட் என்று ஆல்ப்ஸ் மலையடியில் ஓர் ஊர். அங்கிருந்து ரயிலேறி யுங்ஃப்ராயோக் என்கிற 3,454 மீட்டர் உயரத்துக்குப் போகலாம். மேலே ஏறியதும் நம்மவர்களுக்குப் பனி அலுத்துப்போய்ப் பசி வந்துவிடும். வருகிற இந்தியக் கூட்டத்தைப் பார்த்து, அந்த உயரத்திலேயே ‘பாலிவுட்’ என்ற பெயரில் நம்மூர்ச் சாப்பாட்டுக்கு ஓர் உணவகம் திறந்தார்கள்.

“மேல போய் சாப்பிடாதடா. அரிசியிலிருந்து உருளைக்கிழங்கு வரைக்கும் ரயில்ல, ரோப் கார்ல ஏறி வரணும். அந்தச் செலவு உன் தட்டுலதான் விழும். உள்ளூர்க்காரன் எவனும் மேல சாப்பிட மாட்டான். பைல ரொட்டி, சீஸ். கீழே குழாய்ல பிடிச்ச தண்ணி. அவ்வளவுதான்!” என்றான்.

வணிகவியல் படித்தவர்கள் இதை ‘கேப்டிவ் மார்க்கெட்’ என்று சொல்வோம். வாடிக்கையாளர் வேறு கடைக்கு எழுந்து போக முடியாது. மலை உச்சியில் நிற்கிறவன் எங்கே போவான்? விலையைக் கடைக்காரர் சொல்வார், அவன் கொடுப்பான்.

எனக்கு இந்தப் பாடத்தைப் புரோபசர் நடத்தவில்லை. அரசு பஸ்தான் நடத்தியது.

உங்களுக்கும் அந்தக் காட்சி தெரிந்திருக்கும். ராத்திரி ஒண்ணரை மணி. நீங்கள் கஷ்டப்பட்டு ஒரு தோதான கோணத்தில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கியிருப்பீர்கள். பஸ் மெல்ல இடதுபக்கம் ஒதுங்கும். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியும். வெளியே ஒரு கட்டையால் பஸ்ஸின் வயிற்றில் டமடமவென்று தட்டி, ஒரு குரல் வரும்: “பத்து நிமிஷம் வண்டி நிக்கும்... டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம்!” பின்னணியில் ஒரு ஸ்பீக்கர் பழைய குத்துப்பாட்டை ஊருக்கே போட்டுக்கொண்டிருக்கும்.

டிரைவரும் கண்டக்டரும் தனியாக ஒரு வாசல் வழியே உள்ளே போவார்கள். அவர்கள் இலையில் என்ன விழுகிறது என்று நாம் பார்க்க முடியாது. நம் தட்டில் விழுவது நமக்கு நன்றாகவே தெரியும். ஆறிப்போன தோசை, சூடான பில்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிற மனிதருக்கு ஒருவேளைச் சோறு யார் போட்டாலும் நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரசு பஸ் எந்த மோட்டலில் நிற்பது என்பதற்கு டெண்டர் உண்டு. ஒரு பஸ் வந்து நின்றால் இவ்வளவு என்று மோட்டல்காரர் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். டிரைவர், கண்டக்டர் சாப்பாடு, வாடகை, கரன்ட் பில், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து, கடைசியில் அந்தச் செலவு எங்கே வந்து உட்காரும்? முப்பத்தாறாவது சீட்டில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வருகிற உங்கள் தோசையில்தான்.

ஆல்ப்ஸில் விலை கூடினால், மலையேற்றிய கூலி என்று ஒரு நியாயமாவது சொல்லலாம். இங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. வாசலிலேயே நாற்கரச் சாலை. காய்கறி லாரி விடிய விடிய அந்த வழியாகத்தான் போகிறது. ஆனாலும் நாம் மலை உச்சியில் நிற்கிறவர்கள்தான். ஏனென்றால் அந்த வளாகத்தை விட்டால் சுற்றிலும் இருட்டு. பஸ் கிளம்பிவிடும் என்ற பயம் வேறு.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. எண்பதுகளில் நான் டவுசர் போட்ட பையன். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜில் மின்சார இன்ஜின் இழுத்து வரும். அதற்குத் தெற்கே வேறு இன்ஜின். அதனால் விழுப்புரத்தில் ரயில் சாவகாசமாக நிற்கும். சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மாயவரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் பாண்டிச்சேரி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் அது. இன்ஜின் கழற்றி மாட்டுவதற்குள் பிளாட்பாரமே ஒரு கல்யாணப் பந்தி ஆகிவிடும். இலையில் கட்டிய இட்லிப் பொட்டலம், தூக்குவாளி காபி, ஜன்னலுக்கு ஜன்னல் பேரம். ஒருவர் விலை ஏற்றினால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். பாருங்கள், அங்கே போட்டி இருந்தது. போட்டி இருந்த இடத்தில் இட்லி சூடாக இருந்தது.

பாதை அகலமாகி, மின்மயமாகி, இன்ஜின் மாற்றுகிற வேலையே இல்லாமல் போனது. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத்தும் விழுப்புரத்தில் நிற்கிறது. நின்ற வேகத்தில் கதவு மூடிக்கொள்கிறது. சாப்பாடு சீட்டுக்கே வந்துவிடும். யாரும் இறங்கி வடை வாங்குவதில்லை. சௌகரியம்தான். ஆனாலும் எனக்கு அந்தப் பிளாட்பாரத்தைப் பார்க்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் வராத கல்யாண மண்டபம் ஞாபகம் வருகிறது.

சரி, போனில் கேட்டவருக்கு நான் என்ன சொல்கிறேன்? உங்களுக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: காரில் போகிறவராக இருந்தால் பைபாஸை விட்டு இறங்குங்கள். நாற்கரச் சாலை வந்த பிறகு திண்டிவனத்துக்குள்ளும் விழுப்புரத்துக்குள்ளும் யாரும் நுழைவதே இல்லை. அதனால் ஊருக்குள் இருக்கிற ஓட்டல்கள் உங்களை நம்பிக் கடை நடத்தவில்லை. தினம் காலையில் வருகிற அதே கோர்ட் குமாஸ்தாவையும், அதே மார்க்கெட் வியாபாரியையும், அதே வாத்தியாரையும் நம்பி நடத்துகின்றன. சாம்பார் ஒருநாள் புளித்தால், மறுநாள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆகவே புளிக்காது. ஹைவே ஓட்டலுக்கு உங்கள் முகம் மறுபடி வரப்போவதில்லை என்று தெரியும். விழுப்புரம் நேருஜி ரோட்டு ஓட்டலுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பெரிய பொருளாதார ரகசியம் எதுவும் இல்லை. திரும்பி வருகிறவனுக்குத்தான் நல்ல சாப்பாடு!

இரண்டாவது விதி: போர்டைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு தாண்டினாலே ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டுகள் வரிசை கட்டும். பளபளவென்று பித்தளை டபரா செட். கும்பகோணத்திலேயே இத்தனை போர்டு இருக்குமா என்று தெரியாது. சில இடங்களில் காபி நிஜமாகவே பிரமாதம். சில இடங்களில் டபரா மட்டும்தான் பிரமாதம். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்ப்பார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. என் பி.காம். டிகிரியும் இப்படித்தான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று யாரும் இதுவரை அளந்து பார்க்கவில்லை.

மூன்றாவது: கண் முன்னால் வேகிறதைச் சாப்பிடுங்கள். இட்லி, கல்லிலிருந்து எடுத்த தோசை, ராத்திரியானால் புரோட்டா. எப்போதோ செய்து வைத்த வெரைட்டி ரைஸ் பக்கம் போக வேண்டாம்.

நான்காவது, எனக்குப் பிடித்தது. ஜன்னலோரம் வருவதை விட்டுவிடாதீர்கள். மாசி, பங்குனியில் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் ரோட்டோரமெல்லாம் தர்பூசணி குவிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற நுங்கு வரும். பிறகு பண்ருட்டி பலா. வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுப்பார்கள். அப்புறம் வேகவைத்த வேர்க்கடலை. அந்தப் பொட்டலத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். திண்டிவனம் என்பதன் சுருக்கம்தான் அது. 1940-ல் வந்த ‘டி.எம்.வி. 2’ தென்னிந்தியா முழுக்க விவசாயிகள் வயலில் ஓடியது. ஊர்ப் பெயரை உலகத்துக்குச் சொன்னது எங்கள் எம்.எல்.ஏ.க்கள் இல்லை சார், கடலைதான்!

குடிப்பதற்கு என்ன என்று கேட்டதும், சில வாசகர்கள் திண்டிவனத்தில் இடதுபக்கம் பிரிகிற பாண்டிச்சேரி ரோட்டையே பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். நான் சொல்வது இளநீர், மோர், ஐஸ் போடாத கரும்புச்சாறு. கரும்புக்குப் பஞ்சமில்லாத ஊர். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது.

தண்ணீர் பாட்டிலா? அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடையில் வாங்கக் கூடாது என்பது சட்டம். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல்களுக்கு மட்டும் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. மோட்டல் வாசலில் பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறீர்களே, அதற்கு அந்த விலக்கு பொருந்தாது. “கூலிங் சார்ஜ்” என்று சொன்னால் 1915-க்கு போன் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண். போடுவீர்களா? மாட்டீர்கள். பஸ் ஹாரன் அடிக்கும், ஓடிவிடுவீர்கள். நானும் அப்படி ஓடினவன்தான்.

இத்தனை வருஷம் என் யோசனைகள் இதோடு முடிந்துவிடும். கேட்டவர்கள் நன்றி சொல்லி போனை வைப்பார்கள். சிலர் போகிற வழியில் இட்லியை போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

என் அம்மா மட்டும் இந்த யோசனை எதையும் என்னிடம் கேட்டதில்லை.

அம்மா மாசம் ஒரு தடவை விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு என்னைப் பார்க்க வருவாள். பையில் எப்போதும் புளிசாதம். திண்டிவனம் என்றாலே புளியங்காடு என்று அர்த்தம், திந்திரிணி வனம். அந்த ஊரைக் கடந்து வருகிறவள் புளிசாதம் கொண்டு வராமல் எப்படி என்று நான் கிண்டல் செய்வேன். பொட்டலம் அப்படியே பிரிக்காமல் வரும். எனக்காகத்தான் கட்டி வந்தாள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் நானே சாப்பிட்டுவிடுவேன்.

2016-ல் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் குளிர் ஜுரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று, கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: “வீட்ல குடிப்பேம்மா. பஸ்ஸுல போற அன்னிக்கு மட்டும் காலைலேர்ந்து குடிக்க மாட்டேன். குடிச்சா எங்க போறது?”

“எத்தனை வருஷமா இப்படி?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

அந்த டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “நானும் நைட் பஸ்ல ஊருக்குப் போறப்போ அப்படித்தாம்மா. ஆனா செய்யக் கூடாது” என்று சொல்லிவிட்டு மருந்து எழுதினாள்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்த ரோட்டில் எந்தக் கடையில் சட்னி நன்றாக இருக்கும் என்று ஊருக்கே சொல்கிறவன். அந்த மோட்டல்களில் எத்தனை நூறு தடவை இறங்கியிருப்பேன்! எனக்கென்ன, ஆண்பிள்ளை. இருட்டில் ஒரு மரம் போதும். உள்ளே அந்தக் கழிவறை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வாசலில் மேஜை போட்டுக் காசு வாங்குவதும், உள்ளே தாழ்ப்பாள் இல்லாததும், விளக்கு எரியாததும், தண்ணீர் வராததும் பஸ்ஸில் வருகிற பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. புளிசாதம் ஏன் பிரிக்காமல் வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. சாப்பிட்டால் விக்கும், தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

சுவிட்சர்லாந்து நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “இங்க ஜூரிச்ல மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல பொது நீரூற்று இருக்குடா. யார் வேணும்னாலும் பாட்டில்ல பிடிச்சுக் குடிக்கலாம்” என்றான். நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. தண்ணீர்ப்பந்தல் வைத்த ஊர்தானே இது! வழிப்போக்கனுக்குச் சத்திரமும், சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் நட்டவர்கள்தானே நம் ஆட்கள்! இன்றைக்கும் சித்திரை பிறந்தால் கட்சிக்குக் கட்சி பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறார்கள். ஆனால் ஊற்றுகிற மோரைப் பயமில்லாமல் குடிக்க, பெண்களுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் வேண்டும் என்பது யார் நினைவிலும் இல்லை. தாகத்தில் பாதியை மட்டும் தீர்த்துவிட்டு முழுப் புண்ணியத்தை எதிர்பார்க்கிறோம்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இப்போது எழுபதை எட்டப் போகிறாள். டாக்டர் சொன்ன கணக்குப்படி தண்ணீர் குடிக்கிறாள், பெரும்பாலும் ரயிலில் வருகிறாள். ரயிலில் எத்தனை குறை இருந்தாலும், ‘அந்த’ விஷயத்துக்கு ஓர் ஏற்பாடு கூடவே ஓடி வருகிறதே! பஸ் பயணம் என்றால் காரை எடுத்துக்கொண்டு நானே போய்விடுகிறேன். எல்லா அம்மாவுக்கும் கார் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே என் யோசனைப் பட்டியல் இப்போது மாறிவிட்டது. போனில் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, “வண்டில லேடீஸ் இருக்காங்களா?” என்பதுதான். இருந்தால், முதலில் பெட்ரோல் பங்க். கழிப்பறையும் குடிநீரும் வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே பங்க்குகளுக்குப் போட்ட விதி. பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள். தயங்காதீர்கள், யாசகம் இல்லை. டோல்கேட்டிலும் கழிப்பறை உண்டு. நீங்கள் ஃபாஸ்டேக்கில் கட்டுகிற பணத்தில் அதுவும் அடக்கம். சாப்பிட நிறுத்துகிற ஓட்டலில் ஆண்கள் முதலில் மெனு கார்டைக் கேட்காதீர்கள். வீட்டுப் பெண்களில் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டட்டும். அப்புறம் இலை போடச் சொல்லுங்கள். அது சரியாக இருக்கிற ஓட்டலில் அடுப்படியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்பது என் அனுபவம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்னிடம் இவ்வளவு எளிதான யோசனை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. டெண்டர் போடுகிற அதிகாரிகள், எந்த மோட்டல் அதிகப் பணம் கட்டும் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு ராத்திரி தங்கள் வீட்டு அம்மாவை அங்கே இறக்கிவிட்டுப் பார்க்கலாம்.

போன மாசம் அம்மாவோடு காரில் வந்தேன். திண்டிவனத்துக்குள் நுழைந்து ஓர் ஓட்டலில் நிறுத்தினேன். அம்மா வழக்கம்போல உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள், சர்வர் வைத்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு காலி டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா.”

இட்லி எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.